காப்புக் கட்டின ஆட்டம்

இந்தப் பக்கமா உக்காரு தாயி. அந்த நாற்காலி ஆடுது. வந்ததுலேருந்து நானும் மாத்தி மாத்தி உக்காந்து பார்த்துட்டேன், இது ஒண்ணுதான் ஆடாம இருக்கு.

தமிழ்ப் பிள்ளையா? முகத்தப் பார்த்தே நெனச்சேன். பேரென்ன? லோகேஸ்வரியா. நல்ல பேரு. இந்த மலேசியாவுலயே பொறந்து வளந்ததா? தமிழ் நல்லாத்தான பேசுத. பேசி முடிக்கையில ஒரு 'லா' போடுத. நாங்களும் போடுவோம். வந்தேம்லா, சொன்னேம்லா. எங்க திருநெல்வேலிப் பக்கத்துலேருந்து எவனோ கப்பல்ல கொண்டாந்து இங்க விட்டுட்டுப் போயிருக்கான் போல.

மடியில என்ன, அந்தச் சிவப்புப் பை? சோறா? கீழ வையேன், ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. சரி, ஒன் இஷ்டம்.

என்ன, இந்த ஆளு ஆட்டத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரேன்னு பார்க்கியா? எல்லாரும் அப்படித்தான் பார்க்காங்க. நேத்து ஒரு வெள்ளைக்காரர் தோளத் தொட்டு, ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குன்னு கையக் காட்டினாரு. எனக்குத் தெரியாதா? கீழ நடு மேசைக்குப் பக்கத்துல, நீலச் சட்டையும் சக்கர நாற்காலியுமா ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்லா? அவன் எம் மவன். மாசானமுத்து. அவன் ஆட்டத்த நான் பார்க்க மாட்டேன். கேக்கத்தான் செய்வேன்.

பார்க்க வேண்டாம் தாயி, காது போதும் எனக்கு. அவன் மட்டையில ஒரு பக்கம் வழவழ ரப்பர், அது 'டக்'குங்கும். மறுபக்கம் புள்ளி புள்ளியா இருக்கும், அது 'தொப்'புங்கும். பந்து மேசை ஓரத்துல பட்டா ஒரு சத்தம், வலையில சிக்குனா ஒரு சத்தம். கீறல் விட்ட பந்த நடுவர் கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி நான் கண்டுபிடிச்சிருவேன். எனக்குத் தொழில் ரேடியோ செட்டுல்லா. கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை, எல்லாத்துக்கும் ஆவுடையப்பன் செட்டுதான். எந்த வயர் எங்க விட்டிருக்குன்னு சத்தத்துலயே சொல்லுவேன். படிப்பு என்னமோ மூணாம் கிளாசுதான்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஊரு. முப்பிடாதி அம்மன் கோயில் கொடை, அதான் திருவிழா, பெருசு. கொடைக்கு முந்திக் காப்புக் கட்டுவோம். உங்க பக்கமும் உண்டா? மஞ்சள்ல நனைச்ச கயிறு. அம்மனுக்கும் கட்டுவோம், சாமியாடி கையிலயும் கட்டுவோம். கட்டியாச்சுன்னா கொடை முடியிற வரைக்கும் அவுக்கக் கூடாது. நடுவுல அவுத்தா சாமி மலையேறிரும். அவுத்தவன் வீடு வெளங்காது.

அப்படிக் காப்புக் கட்டியிருந்த சமயத்துலதான் கொடைக்காரங்க வந்து நிக்காங்க. 'என்னவே ஆவுடையப்பா, போன வருசம் ஒம்ம செட்டு சத்தம் மேலத்தெருவத் தாண்டலியே, கொசு பாடுத மாதிரில்லா இருந்துச்சு'ன்னு கேலி பண்ணுதாங்க. இந்த வருசம் பக்கத்து ஊருக்குக் கேக்கணும், வேப்பமர உச்சியில கூம்பு ஸ்பீக்கரக் கட்டுன்னாங்க. மாசானம் அப்ப பத்தொம்பது வயசுப் பய. அணில் மாதிரி ஏறுவான். ஏறினான். நான் கீழ நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். 'ஏல, இன்னும் ஒரு கொப்பு மேல போ'ன்னேன். போனான்.

மொதல்ல கூம்பு விழுந்துச்சு. தகரம்லா, கணீர்னு. அதுக்கப்புறந்தான் அவன். அந்தச் சத்தம்... அது வேற மாதிரி.

அன்னைலேருந்து அவன் எத்தன பெரிய காரியம் செஞ்சாலும் நான் பார்க்கிறதில்ல. பெத்தவன் கண்ணு ஆகாதுன்னு சொல்லுவாங்கள்ல? அதான் செவுத்தப் பார்த்து உக்காந்திருக்கேன். நல்ல செவுரு. வெள்ளை அடிச்சு ரொம்ப நாள் இருக்காது.

ஆரம்பிச்சிட்டானா? இல்லியா? முந்தின ஆட்டமே இன்னும் முடியலியா? இழுத்துக்கிட்டே போகுதே. காலையில பதினோரு மணிக்குன்னாங்க, இப்ப மணி என்ன, ஒண்ணரை இருக்குமா? சரி, நாம பேசிக்கிட்டு இருப்போம்.

முதுகெலும்பு, இந்தா, இந்த நெஞ்சுக்கு நேரா ஒடிஞ்சுபோச்சு. கை ரெண்டும் முழுசு. தலை முழுசு. நெஞ்சுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. தேள் கொட்டினாலும் தெரியாது. ஒரு ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா வச்சுப் பழக்கினாங்க. அங்க எஸ்தர்னு ஒரு நர்சம்மா. அதுக்கு ஒரு பாடம் உண்டு, தினம் ஒப்பிக்கும். எனக்கும் மனப்பாடம். சொல்லவா?

'ஐயா, வலி இவருக்குத் தெரியாது, ஆனா உடம்புக்குத் தெரியும். மூத்திர டியூப்பு மடங்கினாலோ அடைச்சாலோ ரத்தக்கொதிப்பு தாறுமாறா ஏறும். முகம் செவக்கும். தலையில மட்டும் வேர்க்கும். கையில முடி நட்டுக்கிட்டு நிக்கும். மண்டை வெடிக்கிற மாதிரி வலிக்கும். ஒடனே டியூப்பப் பாருங்க. பார்க்காம விட்டா மூளையில நரம்பு வெடிச்சிரும், ஆளு போயிருவாரு.'

பஸ் ஸ்டாண்டுல அறிவிப்புச் சொல்லுத மாதிரி இருக்கும். நல்ல பிள்ளைதான். பாவம், வருசம் பூரா நோயாளிகளையே பார்த்துப் பார்த்து அதுக்கு எல்லாமே நோயாத் தெரியும்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் மேசைப்பந்து மேசை கெடந்துச்சு. ஜெபராஜ் சார்னு ஒரு கோச். இப்பவும் அவன் பக்கத்துல நிக்காருல்லா, தொப்பி போட்டு, அவருதான். 'தம்பி, மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு எத்தன நாளு இருப்பே, இந்த மட்டையப் பிடி'ன்னாரு. இவன், 'சார், நானே பொத்துப் பொத்துன்னு விழுதேன், எனக்கு எதுக்கு மட்டை'ன்னான். 'விழறவனுக்குத்தான்டே இந்த ஆட்டம்'னாரு.

நெசந்தான். இவனுக்கு இடுப்பு நிக்காது தாயி. எட்டிப் பந்த அடிச்சான்னா உடம்பு அந்தப் பக்கமே சாஞ்சிரும். இடது கையால தொடையில ஊனித் தள்ளி நிமிந்து, அதுக்குள்ள வந்துருத அடுத்த பந்த அடிக்கணும். இந்தப் பாழாப்போன நாற்காலியில உக்காந்துக்கிட்டு அதப் பழகிட்டான். ஜில்லாவுல ஜெயிச்சான். மாநிலத்துல ஜெயிச்சான். டெல்லியில ஒருத்தன், மீசையெல்லாம் முறுக்கி வச்சிருந்தான், அவன அழ வச்சிட்டான். இந்தியாச் சட்டை குடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினாங்க. தொணைக்கு ஒரு ஆளு போலாம்னாங்க, நான்தான் போவேன். எங்க வீட்டுக்காரி அம்பாசமுத்திரத்தத் தாண்ட மாட்டா.

வெளிநாட்டுல வந்துச்சு வினை. மொத ஆட்டம் நல்லா ஆடுவான். ரெண்டாவது செட்டுலயே ஓஞ்சிருவான். எனக்குச் சத்தத்துலயே தெரியும். 'டக்'குங்கிறது 'டப்'புன்னு ஆகும், அப்புறம் 'ப்பு'. காத்துப் போன மாதிரி. போன எடமெல்லாம் தோல்வி. ரூமுக்கு வந்து கம்பளியப் போர்த்திக்கிட்டுப் படுத்துருவான். ஜெபராஜ் சார் சொல்லுவாரு, 'இவனுக்கு ரத்த அழுத்தம் ரொம்பக் கம்மி, கீழ ஒடம்பு தூங்குதுல்லா, ரத்தம் மேல ஏற மாட்டேங்கு. ஒண்ணும் பண்ண முடியாது. இவ்வளவுதான் இவன் எல்லை'ன்னு.

எல்லையாம். அம்மன் வேலைக்குப் போயி விழுந்த பிள்ளைக்கு எவன் எல்லை போடுறது?

நான் அம்மன்கிட்டயே நேரா கேட்டேன். சண்டைதான் போட்டேன். ஒன் கொடைக்குக் கூம்பு கட்டப் போயித்தானடி இவன் இப்படிக் கெடக்கான், ஒனக்குக் கண்ணில்லியா, எதாவது செய்யின்னேன். ஊருக்கே கேக்கணும்னு ஆசைப்பட்டேல்லா, இவன் பேர ஒலகத்துக்கே கேக்க வையின்னேன்.

செஞ்சா தாயி. தாய்லாந்துல செஞ்சா.

அது எப்படின்னா, அன்னைக்கு எதுத்தாப்புல ஆடினவன் ஒலகத்துலயே ரெண்டாமத்தவன். ஒரு கொரியாக்காரன். அவன் முழங்கை மொளகா அரைக்கிற மாதிரி சுத்தும். மொத செட்டுப் போச்சு. நான் இப்படித்தான் செவுத்தப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ரெண்டாவது செட்டுல இவன் ஓயணும். ஓயல. சத்தம் மாறுது. 'டக்', 'டக்', 'டக்'குன்னு, உறுமிக்காரன் வேகம் பிடிக்கிற மாதிரி. என்னல இதுன்னு பொறுக்க மாட்டாம ஒரே ஒரு தடவ, ஓரக்கண்ணால, திரும்பிப் பார்த்தேன்.

முகம் செவந்து கெடக்கு. தலையில மட்டும் வேர்வை கொட்டுது. கையில முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்கு.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. எத்தனை கொடை பார்த்திருக்கேன். சாமியாடிக்கு அருள் வரும்போது இதே முகம், இதே வேர்வை, இதே புல்லரிப்பு. முப்பிடாதி வந்துட்டா. கடல் தாண்டி வந்துட்டா. கொரியாக்காரன அன்னைக்கு எறிஞ்சே போட்டான் எம் புள்ள. மூணு செட்டு வரிசையா.

ஆட்டம் முடிஞ்சு பார்த்தா, கால்ல கட்டியிருக்க மூத்திரப் பைக்குப் போற டியூப்பு, முழங்காலுக்குப் பின்னால மடங்கிக் கெடந்திருக்கு. ஜெபராஜ் சார் நடுங்கிப் போயிட்டாரு. அவரே குனிஞ்சு நிமித்திவிட்டு, என்னப் பார்த்து, 'யோவ், மகனக் கொல்லப் பார்க்கியா'ன்னுட்டாரு. பெரிய மனுஷன், அப்படிப் பேசுற ஆளு இல்ல. இவன் தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், 'அப்பா, மண்டைக்குள்ள செண்டை அடிக்குப்பா'ங்கான். டியூப்ப நிமித்தினதும் கொஞ்ச நேரத்துல சரியாப்போச்சு. புல்லரிப்பும் போச்சு, வேர்வையும் போச்சு. சாமி மலையேறுனா அப்படித்தான். ஆளு துணி மாதிரி துவண்டுருவான்.

ரூமுல கேட்டேன், 'ஏல, ஒனக்கு அருள் வந்துச்சுல்ல?' 'ஏசிக் காத்துல புல்லரிச்சுதுப்பா, டியூப்பு வேற மடங்கிருக்கு, ஒழுங்காப் பாரும்பா'ன்னான். அவனுக்குத் தெரியாது. சாமி வந்தவனுக்கு வந்தது எப்படித் தெரியும்? பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

கொஞ்சம் இரு. கை தட்டுதாங்க. முந்தின ஆட்டம் முடிஞ்சிருச்சா? மாசானம் மேசைக்குப் போறானா? நல்லது. சக்கரச் சத்தம் எனக்கே கேக்கு, அவன் இடது சக்கரம் லேசாக் கீச்சிடும்.

ஆளு எப்படி இருக்கான்? நீ பார்த்துச் சொல்லு தாயி. நெத்தியத் தொடைக்கானா? தொடைக்கானா. நல்லது. நல்லது.

இது இறுதி ஆட்டம்லா. இதுல ஜெயிச்சிட்டா அந்தப் பெரிய ஆட்டத்துக்கு, நாலு வருசத்துக்கு ஒருக்க நடக்கும்லா, அதுக்கு நேரா போயிரலாம். தோத்தா இல்ல. வயசும் ஆகுது, முப்பதத் தொடப்போறான். தோள்பட்டை தேஞ்சுக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னைக்கு விட்டா விட்டதுதான். நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொல்லுதான், 'அப்பா, இது முடிஞ்சா ஊர்ல பசங்களுக்கு ஒரு மேசை போட்டுச் சொல்லிக் குடுக்கப் போறேன், நீரு ஸ்கோரு சொல்லும், ஒம்ம மைக்குல'ன்னான். 'ஏல, அதெல்லாம் ஜெயிச்சிட்டுப் பேசு'ன்னேன்.

ந்தா, ஆரம்பிச்சிட்டான். கேட்டியா, 'டக்'. அது வழவழப்பு. இப்ப 'தொப்'. எதுத்தவன் தடுமாறுதான்.

என்ன கேக்கே? தாய்லாந்துக்கு அப்புறமா? அதுக்கப்புறம் ஒரு ஆட்டத்துல சாமி வரல, ரெண்டாவதுல வரல. தோத்தான். நான் யோசிச்சேன். அவ ஏன் அந்த டியூப்ப மடக்குனா? எத்தனையோ எடம் இருக்க, அந்த எடத்துல ஏன் வந்து உக்காந்தா? அவ எடம் கேக்கா. கோயில்ல அம்மனுக்கு ஒரு எடம் குறிச்சுக் கல்லு நடுவோம்லா, அப்படி.

அவ எனக்கு வழி காட்டினா, நான் பிடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்.

மத்த நாள்ல டியூப்பு, பை எல்லாம் அவனே பார்த்துக்கிடுவான். ஆட்ட நாள்ல மட்டும் நான். குனிஞ்சு நிமிந்தா தோளு வலிக்கும்லா. காலையில நான்தான் பைய மாட்டி, பேண்ட மாட்டி, ஷூவ மாட்டி, இடுப்புக்கு வாரப் போட்டு உக்கார வைப்பேன். ஜெபராஜ் சாரு தாய்லாந்துக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, 'டியூப்பப் பார்த்தீங்களா?' 'பார்த்தாச்சு சார்'ம்பேன். பொய் சொல்ல மாட்டேன் தாயி. பார்க்கத்தான் செய்வேன். இவனும் சில நேரம் குனிஞ்சு பைய அழுத்திப் பார்ப்பான், 'காலியாத்தான இருக்கு'ம்பான். காலியாத்தான் இருக்கும். அப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டான். அப்பன் பார்த்துட்டான்னா அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கைதட்டு. செட்டு நமக்கா? எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. என்ன வேகம் பார்த்தியா? எகிப்துல ஜெயிச்சான், ஸ்பெயின்ல வெள்ளி வாங்கினான், இந்தோனேசியாவுல தங்கம். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. இந்தோனேசியாவுல முடிச்சதும் கொஞ்ச நேரம் கண்ணு ரெண்டா தெரியுதுன்னான். மூக்குல ரெண்டு சொட்டு ரத்தம் வந்துச்சு. எங்க வீட்டுக்காரிக்கு எப்படியோ சேதி போயி, போன்ல ஒரே அழுகை, 'எம் பிள்ளைய என்ன செய்யுதீரு'ன்னு. 'கூறு கெட்டவளே, தங்கம் வாங்கியிருக்கான், அழுதியே'ன்னு வச்சிட்டேன். தைலம் தேச்சுவிட்டேன். தூங்கிட்டான். டாக்டர்ட்டப் போவோம்ப்பான்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தான். இந்த ஆட்டம் முடியட்டும்னேன்.

ரெண்டாவது செட்டா? எத்தன? பின்னால இருக்கானா? இருக்கட்டும், வருவான். அவன் முகத்தப் பாரு தாயி, எனக்காகப் பாரு. செவந்திருக்கா? நல்லாச் செவந்திருக்கா? கழுத்து வரைக்கும். வேர்வை தலையில மட்டுந்தானே? கையப் பார்க்க முடியுதா இங்கருந்து? முடி தெரியாது, தூரம். பரவாயில்ல. வந்துட்டா. வந்துட்டா. அப்பவே நெனச்சேன், சத்தத்துல தெரியுது.

நீ ஏன் எந்திரிக்கே? உக்காரு. தலையப் பிடிக்கானா? பிடிப்பான். ஒரு கண்ண மூடிக்கிட்டு அடிக்கானா? ஆங், அது சில நேரம் அப்படித்தான்.

டியூப்பா? நீயும் டியூப்பப் பத்தியே கேக்கியே, ஜெபராஜ் சார் மாதிரி. டியூப்பு எங்கயும் மடங்கல தாயி, நேராத்தான் இருக்கு. அந்த எடத்துல, முழங்காலுக்குப் பின்னால, காப்புக் கட்டியிருக்கேன். அவ்வளவுதான். எங்க கோயில் பூசாரி மந்திரிச்சுக் குடுத்த மஞ்சக்கயிறு. டியூப்பச் சுத்தி மூணு முடிச்சு. ஆட்டம் முடிஞ்சதும் பாத்ரூமுக்குத் தள்ளிட்டுப் போயி நானே அவுத்திருவேன். அவனுக்குத் தெரியாது. சொன்னா சிரிப்பான், அவன் என்ன அந்தக் காலத்துப் பிள்ளையா, இந்தக் காலத்துப் பிள்ளைல்லா.

எப்பக் கட்டினேனா? எதுக்கு இப்படிக் கத்துத, நாலு பேரு திரும்பிப் பார்க்காங்க. வழக்கமா மேசைக்குப் போறதுக்குக் கொஞ்சம் முந்திக் கட்டுவேன், லேசாத்தான் கட்டுவேன். இங்க அந்தக் கதவத் தாண்டி கோச்சத் தவிர யாரையும் விட மாட்டாங்களாம். அதான் காலையிலயே, ஹோட்டல் ரூமுல வச்சே கட்டிட்டேன். இறுதி ஆட்டம்லா, நல்லா இறுக்கித்தான் கட்டினேன். பிசகிறக் கூடாதுல்ல. பதினோரு மணிக்குன்னுதான சொன்னாங்க? இவங்க இழுத்தடிச்சா நான் என்ன செய்ய? சூடு ஆகாதுன்னு வழியில ரெண்டு எளநி வேற வெட்டிக் குடுத்தேன், மடமடன்னு குடிச்சான்.

தாயி. லோகேஸ்வரி. பையத் தெறந்து என்ன தேடுத? அதுல சோறு இல்லியா? இது... இது கையில சுத்திக் காத்தடிக்கிற பட்டைல்லா? எஸ்தர் நர்சம்மா வச்சிருக்கும். நீ அந்த வேலையா பார்க்கே? சொல்லவே இல்லியே. கத்திரி எதுக்கு? கத்திரி எதுக்கு தாயி?

ஓடாத, படி வழுக்கும். இந்தா, நில்லு. ஆட்டத்துக்கு நடுவுல உள்ள போகக் கூடாது, நடுவர் கோவிப்பாரு, ஆட்டத்த நிறுத்திட்டா இவன் தோத்ததாப் போயிரும். தாயி. நீ என்ன வைத்தியம் வேணும்னாலும் பாரு, தண்ணி குடு, விசிறிவிடு. அந்தக் காப்ப மட்டும் அவுத்திராத. கொடை முடியல. நடுவுல அவுக்கக் கூடாது. நான் எவ்வளவு பாடுபட்டு அவளக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

போயிட்டா. ஜெபராஜ் சாரப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே ஓடுதா. சின்னப் பிள்ள. பதறிப்போச்சு. பழக்கமில்லாதவங்க அருள் வந்தவனப் பார்த்தா பதறத்தான் செய்வாங்க.

டக். அது மாசானம்.

டக். டக். அப்படித்தான்ல. விடாத.

டக்.

இதென்ன, கூட்டம் ஏன் பேச்ச நிறுத்துச்சு?

ந்தா, ஒண்ணு விழுந்துச்சு. மட்டை. மரம்லா, மரச் சத்தந்தான். மட்டைதான் விழுந்திருக்கு. சாமி வந்தவன் கையில எது நிக்கும், போடத்தான் செய்வான். மட்டை மட்டுந்தான். வேற சத்தம் ஒண்ணும் கேக்கல. கேக்கலல்லா? நாற்காலி சாயுத மாதிரி ஒண்ணும்...

நான் திரும்ப மாட்டேன். நான் திரும்பினாத்தான் ஆகாது.

பந்து தரையில துள்ளுது. துள்ளித் துள்ளிச் சின்னதாகுது. இப்ப உருளுது. ஏன் இப்படி ஆளாளுக்கு ஓடுதீங்க, யாராவது அந்தப் பந்த எடுத்து அவன்கிட்டக் குடுங்கய்யா. அடுத்த சர்வீஸ் எம் மவனுக்குத்தான்.